பேர் தெரியாத நோய்க்கு மருந்து எதுக்கு?

காஞ்சிபுரத்துல பட்டுப் புடவை எடுத்தா, ஜரிகையை மெஷின்ல வெச்சு வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவுன்னு சொல்லிடறாங்க. வாங்குறவங்க ஏமாறக் கூடாது, நெய்யுறவங்க பேரும் கெடக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. நல்ல விஷயம்தான். அதே ஊருக்குப் பத்து பதினைஞ்சு கிலோமீட்டர் தள்ளி ஒரு கழனியில நெற்பயிர்ல புள்ளி விழுந்தா, அது என்ன புள்ளின்னு சொல்றதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் இல்லை, ஒரு கருவி இல்லை. இருக்கிறது மருந்துக் கடை மட்டும்தான்.

என்னோட கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம பக்கத்து விவசாயிக்கு இன்னிக்கு மருந்துக்குப் பஞ்சம் இல்லை. நோயோட பேருக்குத்தான் பஞ்சம். பேர் தெரியாம அடிக்கிற மருந்துல பாதிக் காசு தண்ணியில போகுது. ஒவ்வொரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துலயும் ஒரு மைக்ராஸ்கோப்பும், அதுல பார்த்துச் சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆளும் வேணும். இதை நாம கேட்டு வாங்கணும்.

இப்ப நடக்கிறது என்ன? இலையை ஒடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டு கடைக்குப் போறோம். கடைக்காரர் பார்க்கிறாரு, சில சமயம் பார்க்கிறது கூட இல்லை. பூஞ்சாண மருந்து ஒண்ணு, பூச்சி மருந்து ஒண்ணு, மேல ஒரு டானிக், கொஞ்சம் ஜிங்க். எல்லாத்தையும் ஒரே டேங்குல கலந்து அடிக்கச் சொல்றாரு. ஏதாவது ஒண்ணு கேட்கும்னு கணக்கு. பயிர் தேறினா கடைக்காரர் கெட்டிக்காரர், தேறலைன்னா நம்ம தலையெழுத்து. மருந்தும் கூலியும் சேர்த்து ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை ஆயிரத்து ஐநூறுக்குக் குறையறது இல்லை. கடைக்காரரைத் திட்டி பிரயோஜனம் இல்லை. அவர் வியாபாரி, வந்தவனை வெறுங்கையோட அனுப்ப மாட்டாரு. டாக்டர் வேலையை அவர் தலையில கட்டினது நாமளும் சர்க்காரும்தான்.

ரெண்டு புள்ளி, ரெண்டு கதை

ஏன் பேர் முக்கியம்னு கேட்கலாம். நெல்லுல வர்ற ரெண்டு புள்ளியை எடுத்துக்குவோம். ஒண்ணு குலை நோய். இன்னொண்ணு செம்புள்ளி நோய். ஆரம்பத்துல ரெண்டுமே சின்னப் பழுப்புப் புள்ளிதான். யார் பார்த்தாலும் குழம்பும்.

குலை நோய்ப் புள்ளி வளர வளர ரெண்டு முனையும் கூர்மையாகி, கண்ணு மாதிரி ஆகும். நடுவுல சாம்பல் நிறம், ஓரத்துல பழுப்பு. அப்படியே மேல ஏறிக் கதிரோட கழுத்துல பிடிச்சா, கழுத்து கருத்து, கதிர் வெளுத்து, பதராப் போயிடும். இதைப் பண்றது பைரிகுலேரியா ஒரைசேங்கிற பூஞ்சாணம். செம்புள்ளி எள்ளு மாதிரி நீள்வட்டமா இருக்கும், சுத்தி மஞ்சள் வளையம் இருக்கும், நெல்மணி மேலயும் விழும். இதைப் பண்றது பைபோலாரிஸ் ஒரைசே. பழைய புத்தகங்கள்ல ஹெல்மின்தோஸ்போரியம்னு போட்டிருப்பாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, ரெண்டுக்கும் குணம் நேர் எதிர். குலை நோய் கொழுத்த பயிரைத் தேடி வரும். யூரியாவை அள்ளிக் கொட்டின கழனி, ராத்திரி குளிர், காலையில வெகுநேரம் காயாத பனி, இதெல்லாம் அதுக்குக் கொண்டாட்டம். செம்புள்ளி பட்டினி கிடக்கிற பயிரைத் தேடி வரும். சத்து இல்லாத மண்ணு, பொட்டாஷ் பத்தாத மண்ணு, தண்ணி சரியா பாயாத கழனி, இங்கதான் அது கூடாரம் போடும். குலை நோயைச் செம்புள்ளின்னு நினைச்சு உரம் போட்டா எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தின கதைதான். செம்புள்ளியைக் குலை நோய்னு நினைச்சு உரத்தை நிறுத்தினா, பசியில இருக்கிறவன் இலையைப் பறிச்ச மாதிரி.

மருந்தும் அப்படித்தான். டிரைசைக்ளசோல் குலை நோய்க்குன்னே வந்த மருந்து. அந்தப் பூஞ்சாணம் இலைத்தோலைத் துளைச்சு உள்ள போறதுக்கு ஒரு கருப்பு நிறமி வேணும். அந்த நிறமியை உண்டாக்க விடாம இது தடுக்குது. மத்த நோய்க்கு இதனால பெருசா பலன் இல்லை. அதே மாதிரி வாலிடாமைசின் இலை உறைக் கருகலுக்குக் கேட்கும், குலை நோய்க்குக் கேட்காது. ஆனா கடையில கேட்டா, "பூஞ்சாண மருந்துதானே, அடிங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. காய்ச்சலும் வயித்துவலியும் ஒண்ணுன்னு சொல்ற மாதிரிதான் இது.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஐரோப்பாக்காரங்க அரிசியில டிரைசைக்ளசோல் மிச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு வெச்சிருந்ததை, 0.01 மில்லிகிராம்னு கொண்டுவந்துட்டாங்க. 2018-ல இருந்து நம்ம நாட்டு பாசுமதிக்கு அது பெரிய தலைவலி. நம்ம குண்டு நெல்லு ஐரோப்பாவுக்குப் போகலைதான். நம்ம வீட்டுப் பிள்ளைங்கதானே சாப்பிடுது. தேவையில்லாம அடிச்ச ஒவ்வொரு டேங்கும் எங்கேயோ ஒரு இடத்துல மிச்சம் நிக்கத்தான் செய்யும்.

லட்சுமின்னு பேர் வெச்ச நோய்

கதிர்ல சில மணிங்க வீங்கி, மஞ்சளா, வெல்வெட்டு மாதிரி உருண்டையா வந்து, அப்புறம் கரும்பச்சையா மாறுமே, அதுக்கு நம்ம பெரியவங்க வெச்ச பேரு லட்சுமி நோய். வந்தா அந்த வருஷம் விளைச்சல் அமோகம்னு சொல்லுவாங்க. அதுலயும் ஒரு உண்மை இருக்கு. பயிர் செழிப்பா இருந்து, பூக்கிற சமயம் மழையும் ஈரமும் இருந்தாத்தான் அது வரும். செழிப்போட கூட வந்ததால அதையே செழிப்புக்கு அடையாளமா வெச்சிட்டாங்க.

இந்தப் பூஞ்சாணத்துக்கு உலகத்துலயே முதல்ல விஞ்ஞானப் பேர் கிடைச்சது நம்ம தமிழ்நாட்டு நெல்லை வெச்சுத்தான். திருநெல்வேலியில இருந்து போன மாதிரியைப் பார்த்து, குக் என்கிற ஆங்கிலேயப் பூஞ்சாண அறிஞர் 1878-ல பேர் வெச்சாரு. கரிப்பூட்டை இனம்னு நினைச்சு அந்த இனத்துல சேர்த்தாரு. பின்னாடி ஆராய்ஞ்சதுல அது கரிப்பூட்டை இனமே இல்லை, கம்புல வர்ற தேன் ஒழுகல் நோய்க்குச் சொந்தக்காரன்னு தெரிஞ்சுது. ஒரு பூஞ்சாணத்தைச் சரியா அடையாளம் காண அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே அத்தனை காலம் ஆகியிருக்கு. கடை வாசல்ல அரை நிமிஷத்துல ஆகுற வேலையா இது?

இப்ப சம்பா, நவரை ரெண்டுலயும் இது அதிகமா தெரியுது. உருண்டையைக் கண்ணால பார்த்துட்டு ஓடிப்போய் மருந்து வாங்குறவங்க நிறைய பேரு. உருண்டை வெளியே தெரியும்போது வேலை முடிஞ்சு போச்சு. பூ பூக்குறதுக்கு முன்னாடி, கதிர் தொண்டையில இருக்கும்போதே அடிச்சாத்தான் பலன். அப்புறம் அடிக்கிறது கடைக்காரருக்குத்தான் லாபம். போன வருஷம் எந்தக் கழனியில வந்துதுன்னு எழுதி வெச்சிருந்தா, இந்த வருஷம் சரியான நாள்ல அடிக்கலாம். அதுக்கும் பேர் தெரியணும், தேதி தெரியணும்.

பூஞ்சாணமே இல்லாத நோய்கள்

இதைவிட வேடிக்கை, பூஞ்சாணமே இல்லாத நோய்க்குப் பூஞ்சாண மருந்து அடிக்கிறது. இலை நுனியில இருந்து ஓரமா, அலை அலையா மஞ்சளாகிக் காய்ஞ்சு வந்தா அது பாக்டீரியா இலைக்கருகல். பூஞ்சாணக்கொல்லி அதுக்கு ஒண்ணும் பண்ணாது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி கூட வேண்டாம். நோய் பரவிக்கிட்டிருக்கிற இடத்துல இலையைக் கத்திரியால வெட்டி, வெட்டின முனையைக் கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணியில விடுங்க. கொஞ்ச நேரத்துல வெட்டின இடத்துல இருந்து பால் மாதிரி கலங்கலா நூல் இறங்கினா பாக்டீரியா. பூஞ்சாணம்னா அப்படி இறங்காது.

நட்ட ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்குள்ள அடி இலையெல்லாம் துரு ஏறின மாதிரி ஆகி, பயிர் திட்டுத் திட்டா குட்டையா நின்னா அது துத்தநாகக் குறை. ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டுல தீர வேண்டிய விஷயம். பயிர் மஞ்சளும் ஆரஞ்சுமா மாறி வளராம நின்னா துங்ரோ வைரஸா இருக்கலாம். அதைப் பச்சைத் தத்துப்பூச்சி தூக்கிக்கிட்டு வருது. பூச்சியை விட்டுட்டு இலைக்கு மருந்து அடிச்சா என்ன ஆகும்?

வேர்க்கடலைக்கும் இதே கதைதான். எல்லாத்தையும் "டிக்கா"ன்னு ஒரே பேர்ல சொல்லிடறோம். முன்பருவப் புள்ளி வேற, பின்பருவப் புள்ளி வேற, துரு நோய் வேற. இலையைத் திருப்பிப் பார்த்தாலே பாதி தெரிஞ்சிடும். அடிப்பக்கம் கருகருன்னு புள்ளி இருந்தா பின்பருவ இலைப்புள்ளி. ஆரஞ்சுப் பொடியா விரல்ல ஒட்டினா துரு.

பேர் தெரிஞ்சதால பிழைச்ச கதை

1919-ல தஞ்சாவூர் டெல்டாவுல குலை நோய் பெரிய அளவுல அடிச்சுது. நம்ம நாட்டுல அந்த நோய் அவ்வளவு கடுமையா வந்தது அதுதான் முதல் தடவை. அது இன்ன பூஞ்சாணம்னு அடையாளம் தெரிஞ்சதாலதான், அதைத் தாங்குற ரகத்தைத் தேட முடிஞ்சுது. கோயம்புத்தூர் நெல் நிலையத்துல குலை நோயைத் தாங்குற கோ 4 ரகத்தை வெச்சு ஒட்டுச் சேர்த்து கோ 25 கொண்டுவந்தாங்க. மருந்து இல்லாத காலத்துல நோயை எதிர்த்தது விதையாலதான். எந்த நோய்னு தெரியாம எந்த விதையைத் தேடுறது?

1942-ல வங்காளத்துல செம்புள்ளி நோய் நெல்லை அழிச்சுது. அடுத்த வருஷம் பஞ்சத்துல லட்சக்கணக்கான ஜனங்க செத்தாங்க. யுத்தம், பதுக்கல், விலையேற்றம், வெள்ளைக்காரன் அலட்சியம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பஞ்சம். நோய் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, அமர்த்தியா சென் போன்றவங்க அதைத் தெளிவா எழுதியிருக்காங்க. ஆனாலும் எள்ளு அளவு புள்ளி பஞ்சத்துல ஒரு பங்கு வகிக்க முடியும்னு தெரிஞ்சுக்க வேண்டியதுதான்.

சமீபத்துக் கதை பங்களாதேஷ். 2016 பிப்ரவரியில அங்க கோதுமைக் கதிரெல்லாம் வெளுத்துப் போச்சு. சுமார் 15,000 ஹெக்டேர். நெல்லுல இருக்கிற குலை நோய்ப் பூஞ்சாணமே கோதுமைக்குத் தாவிடுச்சான்னு பயந்தாங்க. விஞ்ஞானிங்க கழனியில இருந்து இலையை எடுத்து, மரபணுவைப் படிச்சு, விவரத்தை ஒளிச்சு வைக்காம உலகத்துக்கே திறந்து வெச்சாங்க. சீக்கிரமே விடை வந்துது: அது உள்ளூர் நெல்லுல இருந்து வந்தது இல்லை, தென் அமெரிக்காவுல கோதுமையைத் தாக்குற வகை. அது தெரிஞ்சதாலதான் மேற்கு வங்காளத்துல எல்லையோர மாவட்டங்கள்ல கோதுமை விதைக்கிறதை நிறுத்தி வெக்க முடிஞ்சுது. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணோட பேரைச் சரியாச் சொன்னதால கிடைச்ச பாதுகாப்பு அது.

"ஆப் இருக்கே" என்கிறவங்களுக்கு

இளைஞருங்க சொல்றாங்க, போட்டோ எடுத்துப் போட்டா போன்லயே பேர் வருதேன்னு. மத்திய அரசும் 2024 ஆகஸ்ட்ல தேசிய அளவுல ஒரு பூச்சி நோய்க் கண்காணிப்பு ஆப் விட்டிருக்கு. வேண்டாம்னு சொல்லலை. முத்தின நோய்க்கு அது உதவும். ஆனா நாம முடிவு எடுக்க வேண்டியது புள்ளி சின்னதா இருக்கும்போது. அப்ப போட்டோவுல குலை நோயும் செம்புள்ளியும் ஒண்ணாத்தான் இருக்கும். மைக்ராஸ்கோப்புல வெச்சா அப்படி இல்லை. குலை நோயோட வித்து பேரிக்காய் மாதிரி, மூணு அறையோட இருக்கும். செம்புள்ளியோட வித்து வளைஞ்ச படகு மாதிரி, பல அறையோட இருக்கும். ஒரு தடவை பார்த்துப் பழகினா பத்தாவது படிச்ச பிள்ளை கூட பிரிச்சுச் சொல்லும்.

"ஆபீஸ்ல ஆளே இல்லை, இதுல மைக்ராஸ்கோப்புக்கு எங்க போறது"ன்னு இன்னொரு பக்கம் சொல்லுவாங்க. அதுவும் உண்மைதான். உதவி வேளாண்மை அலுவலர் ஒருத்தர் பல ஊரைச் சுமக்கிறாரு. மானியப் பட்டியல், அடங்கல், பயிர் இன்சூரன்ஸ்னு அவருக்குக் காகித வேலையே சரியா இருக்கு. அதனால தினமும் கேட்கலை. வாரத்துக்கு ஒரு நாள், சந்தை மாதிரி, "இலை பார்க்கிற நாள்"னு வெக்கட்டும். விவசாயம் படிச்சிட்டு வேலை இல்லாம இருக்கிற பிள்ளைங்க நம்ம பக்கமே எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்களுக்குப் பயிற்சி குடுத்து உட்கார வைக்கலாம். கருவியும் லட்சக்கணக்குல ஆகுறது இல்லை. மனு பிரகாஷ்ங்கிற நம்ம நாட்டு விஞ்ஞானி அமெரிக்காவுல இருந்துக்கிட்டு 2014-ல காகிதத்தை மடிச்சு மைக்ராஸ்கோப் பண்ணிக் காட்டினாரு. ஃபோல்ட்ஸ்கோப்னு பேரு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க கையில குடுக்கிற சாமான் அது.

2015-ல மண்வள அட்டை குடுத்தாங்க. மண்ணை எடுத்துக்கிட்டுப் போனா சோதிச்சு எழுதிக் குடுக்கிறாங்க. மண்ணுக்கு ஒரு சீட்டு குடுக்க முடிஞ்ச சர்க்காருக்கு இலைக்கு ஒரு சீட்டு குடுக்க முடியாதா? "இந்த இலையில இருப்பது இன்ன நோய், இதற்கு இன்ன மருந்து, அல்லது மருந்து தேவையில்லை"ன்னு தேதி போட்டு ஒரு காகிதம். கடைசி வரி முக்கியம். மருந்து தேவையில்லைன்னு எந்தக் கடையும் எழுதிக் குடுக்காது.

அதுவரைக்கும் நாம செய்யக் கூடியது

சர்க்கார் செய்யும்வரை கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க. நம்ம ஊர்ல அது கிடைக்கிறது கஷ்டம் இல்லை, நூல் எண்ணிப் பார்க்கத் தறிக்காரங்க கூட லென்ஸ் வெச்சிருப்பாங்க.

நோய் எங்க ஆரம்பிச்சுதுன்னு பாருங்க. தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல உறையில பாம்புத் தோல் மாதிரி திட்டு வந்தா இலை உறைக் கருகல். மேல கண்ணாடி இலையோட உறையில வந்து, கதிர் பாதி வெளிய வராம மாட்டிக்கிட்டா இலை உறை அழுகல். இடமே பாதி பேரைச் சொல்லிடும்.

சந்தேகமா இருந்தா, புள்ளி விழுந்த இலையை ஈரக் காகிதம் விரிச்ச டப்பாவுல மூடி வையுங்க. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு லென்ஸ்ல பாருங்க. புள்ளி மேல சாம்பல் நிறத்துல பஞ்சு மாதிரி முளைச்சிருந்தா குலை நோய்க்கு வாய்ப்பு அதிகம்.

இலையை யார்கிட்ட எடுத்துட்டுப் போனாலும் முழுசாக் காய்ஞ்சு செத்த இலை வேண்டாம். பாதி நல்லதும் பாதி நோயுமா இருக்கிற இலையா, முடிஞ்சா வேரோட ஒரு செடியா எடுங்க. பிளாஸ்டிக் பையில கட்டினா வழியிலயே அழுகி வேற பூஞ்சாணம் வந்து உட்கார்ந்துக்கும். பேப்பர்ல சுத்துங்க. என்ன ரகம், என்னிக்கு நட்டது, என்னென்ன உரம் போட்டதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கூடவே வையுங்க. காட்டுப்பாக்கத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, திரூர்ல நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. உத்திரமேரூர்ல இருந்தோ வாலாஜாபாத்ல இருந்தோ ஒருத்தர் தனியா போனா ஒரு நாள் கூலி போயிடும். ஊருக்கு அஞ்சு பேர் சேர்ந்து ஒருத்தரை அனுப்பினா செலவு தெரியாது.

நோய் வந்த கழனியில விதை எடுக்காதீங்க. பிபிடி மாதிரி குலை நோய் சீக்கிரம் பிடிக்கிற ரகம் போட்டா யூரியாவை ஒரே தடவையாக் கொட்டாம பிரிச்சுப் போடுங்க. விதை நேர்த்தி பண்ணாம நாத்து விடாதீங்க. இதுக்கெல்லாம் ஆகுற செலவு ஒரு டேங்கு மருந்து விலை கூட வராது.

மாசாமாசம் கலெக்டர் ஆபீஸ்ல விவசாயிகள் கூட்டம் நடக்குது. ஏரி மதகு, கொள்முதல் நிலையம், உரத் தட்டுப்பாடுன்னு நாம பேசுறது எல்லாமே நியாயம்தான். கூடவே இந்த ஒரு கோரிக்கையையும் எழுதிக் குடுப்போம். கிராம சபையிலயும் தீர்மானமாப் போடுவோம்: வட்டாரத்துக்கு ஒரு மைக்ராஸ்கோப், வாரத்துக்கு ஒரு நாள், கையில ஒரு சீட்டு. எங்க ஊருக்கான மனுவை நான் எழுதி வெச்சிருக்கேன். அடுத்த கூட்டத்துக்கு உங்க ஊர்ல இருந்தும் ஒருத்தர் அதே மனுவோட வந்தா, ரெண்டு ஊர் கேட்ட மாதிரி இருக்கும்.